நீ பார்க்கும்போது நிற்காத லேப்டாப்

மகனுக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குவதுதான் முறை. நலமறியும் ஆவல் நம் வீட்டில் என்னென்ன செய்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் அந்த வரியைத் தாண்டிவிடுகிறேன். லேப்டாப் சரியாகிவிட்டது என்று போனில் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டு வைத்தேன். எப்படிச் சரியானது என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காததை வைத்தே உனக்குப் பாதி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. செஞ்சியில் நம் தெருவிலேயே என் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் படிக்கட்டும். அதோடு, தைக்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறாய்: இந்த வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு புனேவுக்கு வருவதா, இல்லையா என்று. அந்தப் பதிலும் இதில்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர், உன் நைனா, தவறி அவர் காரியத்துக்கு வந்திருந்தபோது உன் பழைய லேப்டாப்பைத் துடைத்து, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, கூடத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாய். "வைரஸ் வராதும்மா. நீ பாட்டுக்கு வேலை செய்" என்றாய். வேலை என்றால் உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகப் போடுகிறவர்களுக்கு நான் பிழை திருத்திக் கொடுக்கிறேன். திரையின் ஒரு பக்கம் புத்தகத்தின் படம், மறுபக்கம் எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டு, தப்பைத் திருத்த வேண்டும். பக்கங்களை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் செய்யலாம். சம்பளம் கிடையாது, யாரும் வந்து பாராட்டவும் மாட்டார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு இது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். லினக்ஸ் என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொண்டது. போன ஆடியில்தான் நிற்க ஆரம்பித்தது. மவுஸ் அம்பு நடுத்திரையில் நட்டுவைத்ததுபோல நிற்கும். உள்ளே விசிறி மட்டும் உயிர்போகிற மாதிரி கத்தும். எந்தப் பொத்தானுக்கும் பதில் இருக்காது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் விடிவு. அதற்குள் திருத்தி வைத்த பக்கம் போய்விட்டிருக்கும். ஒரு முறை ஒரு முழு அத்தியாயம் போனது.

நீ செய்யாத வைத்தியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சூடாகிறது என்றாய். மெத்தை விரிப்பின்மேல் வைக்காதே என்றாய். இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். லினக்ஸுக்கு மூளை மாதிரியான கர்னலில் கோளாறாக இருக்கும் என்று பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கொடுத்தாய். பிறகு அங்கிருந்தபடியே என் திரைக்குள் புகுந்து நீயே என்னென்னவோ மாற்றினாய். நீ உள்ளே இருக்கும்வரை அது ஒரு தடவைகூட நின்றதில்லை. வாத்தியார் வந்ததும் வாய்மூடும் வகுப்பு மாதிரி அப்படி ஒரு ஒழுக்கம். "இப்ப நல்லாத்தானம்மா ஓடுது, நீ இன்னா பண்ற அதுல?" என்று என்னையே சந்தேகப்பட்டாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். மெமரியைக் கழற்றி ரப்பரால் துடைத்துத் திரும்ப மாட்டினார். "இன்னாம்மா இது, உங்க பையன் இன்னாத்தையோ போட்டு வெச்சிருக்காரு. விண்டோஸ் போட்டுக்குங்க, நிம்மதியா இருக்கலாம்" என்றார். உன்னை விட்டுக்கொடுக்காமல், அவன் அதில்தான் சோறு தின்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் நீ கைவிரித்தாய். மெஷின் பழசு, வீடும் பழசு, நீயும் தனியாக எதற்குக் கஷ்டப்படுகிறாய் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய்.

பக்கத்து வீட்டு நிர்மலாவை உனக்குத் தெரியும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதுபோல, அவள் குரல் தெருவில் கேட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் அவள் வருவாள். "அக்கா, உங்க வூட்ல நெட்டு வருதா? எங்க வூட்ல சீரியல் பாதியில நின்னுபோச்சு" என்று கேட்டுக்கொண்டு வருவாள். ஆடியிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் பள்ளம் தோண்டுகிறவர்கள் கேபிளை அறுத்துவிடுகிறார்கள். அறுத்தால் அரை நாள், சில சமயம் ஒரு நாள் முழுக்க நெட் கிடையாது. நான் பவர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவள் வந்து நிற்பாள். "ஐயோ, மறுபடியும் நின்னுபோச்சாக்கா?" என்று என்னைவிட அதிகமாக வருத்தப்படுவாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று முதலில் விட்டுவிட்டேன். பல தடவை அப்படியே நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நிர்மலா எப்போதும் நெட் இல்லாத நேரத்தில்தான் வருகிறாள். என் லேப்டாப்பும் நெட் இல்லாத நேரத்தில்தான் நிற்கிறது. நீயோ நெட் இருந்தால்தான் உள்ளே வந்து பார்க்க முடியும். நோய் வருகிற நேரத்தில் வைத்தியர் வருவதற்கு வழியே இல்லாமல் இருந்திருக்கிறது.

இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் லைன் கெட்டுப்போனதாகப் புகார் வந்தால், என்ன கோளாறு என்று கேட்கமாட்டோம், எப்போது கெட்டது என்றுதான் கேட்போம். மழையில் கெட்டு வெயிலில் சரியானால் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கம்தான். ஒரு நாள் காலையில், நெட் நன்றாக இருக்கும்போதே, மோடத்தின் ஒயரை நானே பிடுங்கிவிட்டேன். எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று பார்க்க நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த கட்டளையை டெர்மினல் என்கிற கறுப்புக் கட்டத்தில் அடித்துவிட்டு, காப்பியை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பட்டியலில் இருந்த பெயர்கள் எதுவும் எனக்குப் புரியவில்லை, ஒன்றைத் தவிர. ஆங்கில எழுத்தில் "நலமா" என்று இருந்தது. முதலில் ஒரு நலமா. காப்பி ஆறுவதற்குள் இன்னொரு நலமா. அப்புறம் மூன்றாவது. வந்தது எதுவும் போகவில்லை. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மெமரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் திரை முழுவதும் நலமா நலமா என்று நிரம்பி, விசிறி கத்த ஆரம்பித்து, அம்பு நின்றது.

மறுபடி கிளப்பியபோது அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு போனேன். மறைத்து வைத்த ஃபோல்டர்களைக் காட்டுவது எப்படி என்று நீதான் சொல்லிக் கொடுத்திருந்தாய். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளில் தெரியும் என்பார்கள், உன்னுடையது இரண்டு வருஷம் தாங்கியது. அதற்கு உன்னைப் பாராட்டத்தான் வேண்டும். ஃபோல்டருக்குள் நீ உனக்கென்று எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படித்ததும் புரிந்துவிட்டது. லேப்டாப் திறந்திருக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கேமராவில் ஒரு படம் எடுத்து, அதை உன் போனுக்கு அனுப்புகிற புரோகிராம். நெட் இருந்தால் அனுப்பிவிட்டு முடிந்துபோகும். இல்லாவிட்டால் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெட் வரும்வரை காத்துக் கிடக்கும். அதற்குள் அடுத்தது வந்துவிடும். அனுப்ப முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போ என்று ஒரு வரி எழுத மறந்துவிட்டாய். பயந்துபோய் எழுதியது அப்படித்தான் இருக்கும்.

அதன் பிறகு பழைய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக அர்த்தமானது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி விட்டுவிட்டு எரிகிறதே, கண்ணை உறுத்துகிறதே என்று ஒரு நாள் என் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினேன். பெரிய பொட்டு, கேமராவையும் சேர்த்து மூடியிருக்கும்போல. அன்று சாயங்காலமே போன் செய்தாய். "லேப்டாப் மேல எதாச்சும் ஒட்டியிருக்குதா பாரும்மா, தூசி கீசி. நல்லா தொடச்சி வை" என்றாய். எவ்வளவு கவனம் என்று பொட்டை எடுத்துவிட்டேன். "மத்தியானம் சாப்பிடாம ஏன் அங்கியே உக்காந்திருக்க?" என்று ஒரு தடவை கேட்டாய். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்களே, என் பிள்ளை விஷயத்தில் அது பொய், அங்கே இருந்துகொண்டே என் பசி அவனுக்குத் தெரிகிறது என்று நிர்மலாவிடம் பெருமையடித்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

உனக்கு அனுப்ப முடியாமல் போன படங்கள் எல்லாம் அந்த ஃபோல்டரிலேயே கிடந்தன. உட்கார்ந்து பார்த்தேன். நைட்டியோடு ஒரு கிழவி. தலை பின்னாமல் ஒரு கிழவி. தட்டில் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு திரையை முறைக்கிற கிழவி. நாற்காலியிலேயே வாயைத் திறந்து தூங்குகிறாள். ஒரு படத்தில் நாற்காலி மட்டும் இருக்கிறது, பின்சுவரில் பல்லி. உனக்கு வந்து சேர்ந்தவையும் இப்படித்தான் இருந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது, அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல விரும்பவில்லை. பெற்ற மகன்தானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. என் வீட்டுக்குள் நான் இருக்கும் நிலையில் என்னைப் பார்க்க உன் நைனாவுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. அவரும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். அதனால்தான் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நான் உன் போனை எடுக்கவில்லை. நீ நிர்மலாவுக்குப் போட்டிருக்கிறாய். அவள் ஓடிவந்து, "அக்கா, தம்பி அழுவாத கொறையா பேசுது. இன்னா ஆச்சு உங்களுக்கு? எடுத்துப் பேசுங்க" என்று போனை என் காதிலேயே வைத்துவிட்டாள். லேப்டாப் சரியாகிவிட்டது என்று நான் சொன்னது அப்போதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செஞ்சியில் தானியங்கி எக்ஸ்சேஞ்சு கிடையாது. யார் யாரோடு பேசினாலும் நாங்கள்தான் கையால் இணைப்புக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் குரல் வந்துவிட்டதா என்று கேட்டு, "பேசுங்க" என்று சொல்லிவிட்டு, பலகையில் இருக்கும் சாவி என்கிற விசையை மூடிவிட வேண்டும். மூடினால் அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. என்னோடு வேலை செய்த சரோஜா ஒரு நாள் சாவியை மூடவில்லை. வல்லத்துக்காரர் ஒருவர் தன் பெண்ணுக்குப் பார்த்த சம்பந்தம் வேண்டாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சரோஜாவுக்குத் தெரிந்தவள். சரோஜா மனசு கேட்காமல் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் பெரிய ரகளையானது. பிறகு பார்த்தால் அவர் வேண்டாம் என்றது மாப்பிள்ளையை அல்ல, அவர்கள் சொன்ன மண்டபத்தை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சரோஜாவைத்தான் யாரும் கூப்பிடவில்லை. "பாதி கேட்டா சும்மா இருக்க முடியலடி, அதான் தப்பு" என்று என்னிடம் சொன்னாள். நீயும் பாதிதான் பார்த்திருக்கிறாய். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டச் சொல்லும்வரை போய்விட்டாய்.

மீதிப் பாதியைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தக் கேமரா கூடத்தில் மேசைக்கு எதிரே இருப்பதைத்தான் பார்க்கிறது. மேசைக்கு முன்னால் நான் வேலை செய்கிறேன். எழுத்துப்பிழை பார்க்கிறவள் முகம் சிரித்தபடியா இருக்கும்? காலையில் கோட்டை அடிவாரம் வரை நடந்துவிட்டு வருகிறேன். குரங்குகள் என் பையை அடையாளம் வைத்திருக்கின்றன. சனிக்கிழமை சிங்கவரம் போய்ப் படியேறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வருகிறேன். முட்டி வலிக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறேன். நிர்மலாவோடு ஊர்வம்பு பேசுகிறேன், அவளோடு சண்டையும் போடுகிறேன். இதில் ஒன்றுகூட உன் படத்தில் வராது. உன் கட்சிக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நியாயம் அதுதான். ஐப்பசி மழையில் ஒரு நாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. என்னைத் தூக்கி உட்கார வைத்தவள் நிர்மலா. பின்வாசல் வழியாக வந்தாள். நான் விழுந்த நேரம் உன் கேமரா கூடத்தில் பல்லியைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கும்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது பையன்களோடு ராஜகிரிமேல் ஏறப்போகிறேன் என்று அடம்பிடித்தாய். உன் நைனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறேன் என்றார். "நீங்க போனா அவன் மலை ஏறுன மாதிரியே இருக்காது, உக்காருங்க" என்று நான்தான் தடுத்தேன். மத்தியானம் முழுவதும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் முழங்காலில் ரத்தத்தோடு வந்து, மலை இறங்கியபின் கிரவுண்டில் ஃபுட்பால் ஆடும்போது விழுந்தேன் என்றாய். அன்றைக்குக் கிரவுண்டில் ஏதோ கூட்டம், பந்தே ஆடவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கேட்கவில்லை. எங்கே விழுந்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் அது உன்னுடையது.

ஆகவே என் பதில், வரமாட்டேன். புனேவில் உன் வீடு நன்றாகத்தான் இருக்கிறது, உன் மனைவி என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள், அதில் எனக்குக் குறையே இல்லை. லீவுக்கு வருகிறேன். இங்கே என்னால் முடியாத நாள் ஒன்று வரும். அது வந்ததும் என் வாயால் உன்னிடம் சொல்வேன், அதுவரை என் வார்த்தையை நம்பு. நலமாவை எடுத்துவிட்டேன். லேப்டாப் அதன்பிறகு நிற்கவே இல்லை. நேற்றுக்கூட அரை நாள் நெட் கிடையாது, நிர்மலா வந்து புலம்பிவிட்டுப் போனாள், நான் பாட்டுக்கு ஒரு பக்கத்தைத் திருத்தி முடித்தேன்.

வெட்கத்தால் மட்டும் அதை எடுக்கவில்லை. நீ எதற்காக அதை எழுதினாய் என்று எனக்குத் தெரியும். நான் பனமலையில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த மத்தியானத்தில் உன் நைனா இந்தக் கூடத்தில் விழுந்து, யாருமே இல்லாமல் கிடந்தார். நான் பஸ் பிடித்து வந்து கதவைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. அந்தச் சில மணி நேரம் உன்னை விடாமல் அரிக்கிறது. என்னையும் அரிக்கிறது. அன்றைக்கு உனக்குப் போன் செய்தபோது, நான் முதலில் கேட்டது "சாப்டியா கண்ணு?" என்றுதான். இப்போதுதான் தட்டில் போட்டேன் என்றாய். "சாப்ட்டு முடிச்சிட்டுக் கூப்புடு" என்று வைத்துவிட்டேன். நீ சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டாய், அப்புறம்தான் சொன்னேன். அவர் அங்கே கிடக்கும்போது என்னைச் சோறு தின்ன வைத்தாயே என்று பிறகு என்னோடு சண்டை போட்டாய். சாவு காதில் விழுந்தபிறகு, எடுக்கும்வரை வாயில் ஒன்றும் வைக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். விமானம் பிடித்து, சென்னையிலிருந்து கார் பிடித்து வந்து, மறுநாள் சாயங்காலம் கொள்ளி வைத்தாயே, அதுவரை உன்னை நிற்க வைத்தது அந்தச் சோறுதான்.

யோசித்துப் பார், மகனே. நாளைக்கு எனக்கும் அதே மாதிரி நடந்தால் உன் கேமரா என்ன செய்திருக்கும்? நீ ஆபீஸில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், தரையில் கிடக்கும் என்னைப் படம் எடுத்து உன் கையில் கொடுத்திருக்கும். அது உனக்கு வேண்டாம். வீட்டுச் சாவி ஒன்றை நிர்மலாவிடம் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் பால் பாக்கெட் வாங்கும் நேரத்தில் ஒரு குரல் கொடுப்பாள், பதில் வராவிட்டால் திறந்து பார்ப்பாள். உன்னிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் அவளுக்குச் சொல்லி வைத்தேன். எடுத்ததும் விஷயத்தைச் சொல்லாதே, அவன் சாப்பிட்டானா என்று கேள், இல்லை என்றால் சாப்பிடச் சொல்லிவிட்டு வை, அப்புறம் சொல்லலாம் என்றேன். "அய்ய, இன்னா பேச்சுக்கா இது வெள்ளிக்கெழமை அதுவுமா" என்று திட்டிவிட்டு எழுந்து போனாள். வாசல்படி வரை போனவள் திரும்பி நின்றாள்.

"சரிக்கா, கேக்குறேன்" என்றாள்.

அம்மா